சென்னைக்கு வேலையாக வருவோருக்கு அறை: வாடகை வரம்பை எதை வைத்து நிர்ணயிப்பது?

கிண்டி_நிர்வாகம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கம்ப்ரஸர் (காற்றழுத்தி இயந்திரம்) பராமரிப்பு நிறுவனத்தின் சென்னைக் கிளையில் நிர்வாகப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். எங்கள் சர்வீஸ் இன்ஜினியர்களும் விற்பனைப் பிரிவினரும் கோவை, மதுரை, ஓசூர் ஆகிய ஊர்களிலிருந்து மாதந்தோறும் இங்கே வருகிறார்கள். அவர்களுக்கு அறை ஏற்பாடு செய்து கொடுப்பது என் பொறுப்பு. இந்த நிதியாண்டில் எங்கள் நிர்வாகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதன்படி, மேலாளர் பதவிக்குக் கீழே உள்ள எவருக்கும், நகரின் எந்தப் பகுதியானாலும், வரி உட்பட ஓர் இரவுக்கு ரூ.2,500க்கு மேல் போகக் கூடாது. இருவர் சேர்ந்து வந்தால் ஒரே அறையில் தங்க வேண்டும். மேலாளர்களுக்கு மட்டும் ரூ.6,000 வரை அனுமதி உண்டு.

செலவைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இந்தச் சுற்றறிக்கை வந்ததிலிருந்து, ஒரகடத்தில் வேலை இருப்பவருக்கும் எழும்பூரில்தான் அறை எடுத்துத் தர வேண்டியிருக்கிறது. அங்கேதான் இந்த வரம்புக்குள் கேட்ட நாளில் அறை கிடைக்கிறது. எழும்பூரிலிருந்து ஒரகடம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அறை வாடகையில் மிச்சமாகும் பணம் வாடகைக் காருக்குப் போகிறது. இரண்டும் வெவ்வேறு கணக்குத் தலைப்புகளில் பதிவாவதால், மேலிடத்தின் பார்வைக்கு மிச்சம் மட்டுமே போய்ச் சேருகிறது. தங்கள் நிறுவனங்களில் இந்த வரம்பை எதை அடிப்படையாக வைத்து நிர்ணயிக்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன். பதவியா, பகுதியா, வேலையின் தன்மையா?

மாம்பலம்_வரிக்கணக்கர்

சுற்றறிக்கையில் "வரி உட்பட" என்று இருப்பதால் முதலில் வரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு ரூ.7,500 வரை வாடகை உள்ள அறைகளுக்கு ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. இந்த 5 விழுக்காடு "உள்ளீட்டு வரி வரவு இல்லாமல்" (அதாவது, வாங்கியவற்றுக்குச் செலுத்திய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதி இல்லாமல்) என்ற நிபந்தனையோடு வந்ததால், அறை எடுக்கும் நிறுவனமும் வரவு எடுக்க முடியாது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நிபந்தனை ஓட்டலுக்கு உரியது. ஓட்டல் தான் வாங்கும் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் செலுத்திய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. தொழில் நிமித்தம் தங்கும் நிறுவனம், பில்லில் தன் ஜிஎஸ்டி எண் இருக்குமானால், அந்த 5 விழுக்காட்டை வரவாக எடுத்துக்கொள்ளலாம். உணவு பில்லுக்கு மட்டும் அந்த வசதி கிடையாது.

ஆகவே தங்களைப் போலத் தமிழ்நாட்டில் பதிவு செய்த நிறுவனம் வரம்பை வரி நீங்கலாக வைப்பதே முறை. திரும்பி வரக்கூடிய வரியையும் உள்ளே சேர்த்து ரூ.2,500 என்று வரம்பு வைத்தால், ஊழியருக்கு உண்மையில் கிடைப்பது ரூ.2,380 அளவிலான அறைதான். அதோடு, ஊழியர் தம் சொந்தக் கைப்பேசிச் செயலி வழியாகப் பதிவு செய்து, பில் அவர் பெயரிலேயே வந்துவிட்டால், வரவு கைவிட்டுப் போய்விடும். பதிவு செய்யும்போதே நிறுவனத்தின் பெயரையும் எண்ணையும் கொடுத்தாக வேண்டும்.

வெளிமாநில நிறுவனங்களுக்கு நிலைமை வேறு. ஓட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வரிதான் பில்லில் வரும். பெங்களூரில் மட்டும் பதிவு வைத்திருக்கும் நிறுவனத்தின் ஊழியர் சென்னையில் தங்கினால் அந்த வரி முழுவதும் செலவுதான். அத்தகையோர் ரூ.7,500 என்ற எல்லையைக் கவனிக்க வேண்டும். ரூ.7,500 அறைக்கு வரியோடு ரூ.7,875 ஆகும், ரூ.7,600 அறைக்கு 18 விழுக்காடு சேர்ந்து ரூ.8,968 ஆகிவிடும். நூறு ரூபாய் கூடுதல் வாடகைக்கு ஆயிரத்துக்கும் மேல் கைப்பணம் போகிறது.

இரவுப்பணி_இன்ஜினியர்

நான் வேறு நிறுவனம். ஆனால் அதே தொழில். தொழிற்சாலைகள் கம்ப்ரஸரை நிறுத்தி எங்களிடம் ஒப்படைப்பது பெரும்பாலும் சனிக்கிழமை இரவில்தான். விடிய விடிய வேலை பார்த்து, இயந்திரத்தை ஓட்டிக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது பொழுது நன்றாக விடிந்திருக்கும். மற்றவர்கள் அறையைக் காலி செய்யும் நேரத்தில்தான் நாங்கள் தூங்கவே போகிறோம். எங்களுக்கு அறை என்பது பகலில் தூங்குகிற இடம் என்பதை அறை ஒதுக்குபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இந்த வரம்புக்குள் ஒருமுறை கிடைத்த விடுதியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வெந்நீர் காலை ஆறு முதல் ஒன்பது வரை மட்டுமே வரும் என்று குளியலறைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார்கள். நான் திரும்பியபோது மணி பத்தரை. கை முழுவதும் கம்ப்ரஸர் ஆயில், முழங்கைவரை பிசுக்கு, பச்சைத் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. சன்னலுக்கு மெல்லிய துணித் திரை. அதற்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் ஜெனரேட்டர். பகல் முழுவதும் ஒரு கண்ணுக்கும் உறக்கமில்லை. அன்று இரவு மீண்டும் போய் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகளை வரிசை தவறாமல், சொன்ன அளவுக்குள், டார்க் ரென்ச் வைத்து முறுக்க வேண்டியிருந்தது. அந்த வேலையில் ஓர் அளவு தவறினால் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தகடு) போய்விடும். மீண்டும் ஒரு நாள் இயந்திரத்தை நிறுத்த வேண்டிவரும். அதற்கு வாடிக்கையாளர் கேட்கும் ஈட்டுத்தொகை எத்தனை மாத அறை வாடகைக்குச் சமம் என்பதை நிர்வாகம் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

நான் கேட்பது நீச்சல் குளமோ பெரிய வரவேற்பறையோ அல்ல. கனத்த திரை, எந்நேரமும் வெந்நீர், சத்தமில்லாத பக்கத்தில் ஓர் அறை, வேலை நடக்கும் இடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் திரும்பி வரக்கூடிய தூரம். இவற்றை வசதி என்று சொல்வதே எனக்கு ஏற்புடையதாக இல்லை. இவை வேலைக்கு வேண்டிய கருவிகள்.

அம்பத்தூர்_சிறுதொழில்

இன்ஜினியர் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பணம் கொடுக்கும் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நான் சிறிய தொழிற்கூடம் நடத்துகிறேன். என் ஆட்கள் இங்கிருந்து வெளியூர்களுக்குப் போகிறார்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் பயணச் செலவை மொத்தமாக ஒரு தொகையாகவே தருகிறார். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு ரூபாயும் என் இலாபத்திலிருந்து போகிறது. வரம்பே இல்லாமல் "நியாயமான செலவு" என்று மட்டும் எழுதி வைத்திருந்த காலத்தில், ஒரே ஊருக்கு ஒரே வேலைக்குப் போன இருவர் கொண்டுவந்த பில்களில் இரட்டிப்பு வேறுபாடு இருந்தது. கூடுதலாகச் செலவழித்தவர் மீது குற்றம் சொல்லவும் வழியில்லை; குறைவாகச் செலவழித்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. சிக்கனமாக இருந்தவர் மனம் சலித்துப் போனார்.

ஆகவே நாளொன்றுக்கு இவ்வளவு என்று மொத்தப்படியாகக் கொடுத்துவிடுகிறேன். விருப்பப்பட்டால் நல்ல அறையில் தங்கலாம். வேண்டாம் என்றால் உறவினர் வீட்டில் தங்கி மீதியை வைத்துக்கொள்ளலாம். இதில் கண்காணிப்பும் வேண்டாம், சந்தேகமும் வேண்டாம்.

மாம்பலம்_வரிக்கணக்கர்

அம்பத்தூர் ஐயா அவர்களுக்கு ஒரு சிறு திருத்தம். பயணப்படி வரிவிலக்குப் பெறுவது உண்மையில் செலவான அளவுக்கு மட்டுமே. மிச்சம் பிடித்து ஊழியர் வைத்துக்கொள்ளும் தொகை அவருடைய சம்பள வருமானமாகும். அதைக் கணக்கில் காட்டி வரி பிடித்தம் பார்ப்பது தங்கள் பொறுப்பு. கூட்டமாக ஆட்களை அனுப்பி விடுதிக்கு ரொக்கமாகக் கொடுத்தால், ஒரே நாளில் ஒரே விடுதிக்கு ரூ.10,000ஐத் தாண்டும் தொகை வருமான வரிக் கணக்கில் செலவாக ஏற்கப்படாது என்பதையும் மறக்க வேண்டாம்.

இரவுப்பணி_இன்ஜினியர்

மொத்தப்படி முறையை நானும் பார்த்திருக்கிறேன். வீட்டில் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில் யாரும் நல்ல அறை எடுக்க மாட்டார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷனில் நண்பரின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போவார்கள். அது அவர்களின் விருப்பம் என்று சொல்லிவிடலாம். ஆனால் தூக்கத்தை விற்றுக் காசாக்கும் வாய்ப்பை நிறுவனமே திறந்து வைத்திருக்கிறது. விற்பனைக்கு வருகிறவர்களுக்கு அது பொருந்தலாம். உயர் அழுத்தக் காற்றோடும் சுழலும் இயந்திரத்தோடும் வேலை செய்கிறவர்களுக்குப் பொருந்தாது.

ஓட்டல்_முன்மேசை

பல ஆண்டுகளாகச் சென்னையில் ஓட்டல் வரவேற்புப் பிரிவில் பணிபுரிபவன் என்ற முறையில் எழுதுகிறேன். நிறுவனங்கள் வாடகையைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. வாடகையைக் குறைக்க எங்களுக்கு இடம் குறைவு, ஆனால் வேறு பலவற்றைத் தருவதற்கு எங்களுக்கு இடம் அதிகம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எடுத்துக்காட்டாக, அறைக்குள் நுழையும் நேரம். கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இரவு இரயிலில் புறப்பட்டவர் விடியற்காலையில் சென்ட்ரலிலோ எழும்பூரிலோ இறங்குகிறார். பெரும்பாலான ஓட்டல்களில் பகல் பன்னிரண்டு அல்லது இரண்டு மணிக்குத்தான் அறை. முன்னதாக வேண்டுமென்றால் முதல்நாள் வாடகையும் சேர்த்துக் கேட்போம். ஆக, ரூ.2,500 அறை ரூ.5,000 ஆகிறது, அல்லது அவர் இரயில் நிலையக் கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டு நேரே வேலைக்குப் போகிறார். இரண்டுமே தேவையில்லை. மாதத்துக்கு இத்தனை அறை என்று எழுத்தில் உறுதி கொடுக்கும் நிறுவனத்துக்குக் காலை ஏழு மணி வருகையைக் கூடுதல் கட்டணமின்றித் தர நாங்கள் அணியமாகவே இருக்கிறோம். முதல்நாள் மாலையே ஓர் அழைப்பு வந்தால் போதும். எழும்பூர், பெரியமேடு பகுதிகளில் நுழைந்த நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் என்று கணக்கிடும் விடுதிகள் இன்றும் உண்டு. இரவு இரயிலில் வருகிறவர்களுக்கு அவை மிகவும் பொருந்தும். ஓரிரு நாள் வேலையென்றால், உறுதியான பயணச்சீட்டு உள்ளவர்கள் இரயில் நிலைய ஓய்வறைகளையும் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

அடுத்தது, நாள். பழைய மகாபலிபுரம் சாலையில் தொழில்நுட்ப நிறுவனங்களை நம்பியிருக்கும் ஓட்டல்களில் திங்கள் முதல் வியாழன் வரை நெருக்கடி. வெள்ளி இரவிலிருந்து அறைகள் காலி. இன்ஜினியர் நண்பருக்கு வேலை சனி, ஞாயிறு என்றால், வாரநாள் விலையைப் பார்த்துவிட்டு அந்த ஓட்டல்களை ஒதுக்கிவிடக் கூடாது. அதே சமயம் டிசம்பரில் மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பக்கம் கச்சேரி கேட்க வருகிறவர்களும் வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவர்களும் நிறைந்துவிடுவார்கள். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் பெரிய கண்காட்சி நடக்கும் வாரத்தில் கிண்டி, ஆலந்தூர்ப் பக்கம் விலை ஏறும். ஆண்டு முழுவதற்கும் ஒரே எண்ணை வரம்பாக வைத்தால் அந்த நாட்களில் உங்கள் ஆட்கள் நகரின் ஓரத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

இன்ஜினியர் நண்பர் சொன்ன திரை, வெந்நீர், சத்தமில்லாத பக்கம் ஆகியவை எங்களிடம் ஒரே விலைக்கு உள்ள அறைகளுக்குள்ளேயே வேறுபடும். சாலையைப் பார்த்த அறையும் பின்பக்க அறையும் ஒரே வாடகைதான். கேட்பவருக்குக் கொடுக்கிறோம். "பகலில் தூங்குபவர்" என்று முன்பதிவில் ஒரு வரி எழுதினாலே, அந்தத் தளத்தில் சுத்தம் செய்யும் நேரத்தை மாற்றிவிட முடியும்.

தனியே_பயணிக்கும்_தணிக்கையாளர்

உள்தணிக்கைப் பணிக்காகத் தனியாகப் பயணம் செய்யும் பெண் நான். இங்கே இதுவரை நடந்த விவாதம் எல்லாம் வசதிக்கும் செலவுக்கும் இடையில் இருக்கிறது. எங்களுக்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைச் செலவோடு எடை போடக் கூடாது.

விமானம் தாமதமாகி நள்ளிரவுக்கு மேல் மீனம்பாக்கத்தில் இறங்கும்போது மெட்ரோ இரயில் நின்றிருக்கும். வரம்புக்குள் கிடைத்த விடுதி ஒரு குறுகிய தெருவின் உள்ளே இருக்கும். காரை உள்ளே கொண்டுபோக முடியாது என்று ஓட்டுநர் சொல்வார். வரவேற்பு மேசையில் ஆள் இல்லை. தட்டி எழுப்பிய பிறகு வருபவர், தனியாகவா வந்திருக்கிறீர்கள் என்று இரண்டு முறை கேட்பார். அறைக் கதவின் உள்தாழ்ப்பாள் சட்டத்தில் பொருந்தாமல் ஆடும். நாற்காலியைக் கதவுக்கு அணைகொடுத்து வைத்துவிட்டுப் படுத்த இரவுகள் எனக்கு உண்டு. என்னுடன் பணிபுரியும் மற்ற பெண்களுக்கும் உண்டு. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கணக்கேடுகளைப் பார்க்க உட்கார வேண்டும்.

2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பணியின் நிமித்தம் ஊழியர் செல்லும் இடங்களையும், நிறுவனம் ஏற்பாடு செய்யும் போக்குவரத்தையும் பணியிடம் என்றே சொல்கிறது. நிறுவனம் அனுப்பி வைத்த ஊரில், நிறுவனம் விதித்த வரம்புக்குள் கிடைத்த அறை என்றால், அங்கே நடப்பதற்கும் நிறுவனத்துக்கும் தொடர்பில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் வரவேற்பு, பிரதான சாலையை ஒட்டிய வாசல், சரியான உள்தாழ்ப்பாள், உட்புறச் சங்கிலி ஆகிய நான்கும் உள்ள இடங்களின் பட்டியலை முதலில் தயாரியுங்கள். அந்தப் பட்டியலுக்குள் எது மலிவு என்று பிறகு பாருங்கள். வரம்பை முதலில் வைத்துவிட்டுப் பாதுகாப்பைப் பிறகு தேடினால் கிடைக்காது. இரவு ஒன்பதுக்கு மேல் வந்து சேரும் பெண் ஊழியருக்கு வரம்பே பொருந்தாது என்று எழுதிவிடுவது இன்னும் நல்லது.

கிண்டி_நிர்வாகம்

அம்மா, தாங்கள் எழுதியதை அப்படியே எங்கள் பொது மேலாளருக்கு அனுப்ப அனுமதி வேண்டுகிறேன். முன்மேசை நண்பர் சொன்ன காலை வருகை ஒப்பந்தத்தைப் பற்றியும் இன்று இரண்டு ஓட்டல்களிடம் பேசினேன். ஒன்று உடனே ஒப்புக்கொண்டது. இருவர் ஒரே அறையில் தங்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

தனியே_பயணிக்கும்_தணிக்கையாளர்

தாராளமாக அனுப்புங்கள்.

இரவுப்பணி_இன்ஜினியர்

ஒருவர் இரவுப் பணி, மற்றவர் பகல் பணி என்றால் ஒரே அறை இருவருக்குமே தண்டனை. ஒரே நேரப் பணியில் இருப்பவர்கள் தாங்களாக விரும்பிச் சேர்ந்து தங்கினால் அதில் தவறில்லை; நாங்களே சில நேரம் அப்படிக் கேட்டு வாங்குவோம். ஆனால் குறட்டை, மருந்து, தொழுகை, பூசை, வீட்டாரோடு பேசும் பேச்சு என்று ஒவ்வொருவருக்கும் தனியே சில உண்டு. மேலதிகாரியையும் அவருக்குக் கீழே உள்ளவரையும் ஒரே அறையில் வைப்பது கூடவே கூடாது.

ஓய்வுபெற்ற_அலுவலர்

மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். பதவியை வைத்து வரம்பு நிர்ணயிக்கும் முறை அரசிடமிருந்துதான் பல தனியார் நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017 ஜூலையில் வந்த ஆணையில், ஊதிய நிலை 14க்கும் அதற்கு மேலும் அறை வாடகை நாளொன்றுக்கு ரூ.7,500 வரை, நிலை 12, 13க்கு ரூ.4,500, நிலை 9 முதல் 11 வரை ரூ.2,250, நிலை 6 முதல் 8 வரை ரூ.750, அதற்குக் கீழே ரூ.450 என்று வகுத்தார்கள். ரூ.2,250இலிருந்து அடுத்த படியே ரூ.750. அந்தத் தொகைக்குச் சென்னையில் கிடைக்கும் அறையை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அரசு ஊழியருக்குத் துறை விருந்தினர் இல்லங்கள் என்று ஒரு துணை இருக்கிறது. அந்தத் துணை இல்லாத தனியார் நிறுவனம் படிக்கட்டை மட்டும் எடுத்துக்கொள்வது முறையாகாது. கூட்டத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பும் மேலாளருக்கு ரூ.6,000; இரவெல்லாம் நின்று இயந்திரம் பார்க்கிறவருக்கு ரூ.2,500. இதை மாற்றிப் போட வேண்டும் என்றுகூடச் சொல்ல மாட்டேன். குறைந்தது இந்த இடைவெளியாவது சுருங்க வேண்டும்.

அம்பத்தூர்_சிறுதொழில்

தணிக்கையாளர் அம்மா எழுதியதைப் படித்த பிறகு மொத்தப்படியைப் பெண் ஊழியர்களுக்கும் இரவுப் பணிக்கும் நிறுத்திவிட்டு, நிறுவனமே அறை எடுத்துக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். மற்றவர்களுக்கு அந்த முறை தொடரும். விற்பனையாளர்கள் அதையே விரும்புகிறார்கள்.

கிண்டி நண்பருக்கு உள்ளூர்க்காரனாக ஒரு யோசனை. அறை எங்கே என்பதை இரயில் பாதையை வைத்து முடிவு செய்யுங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை என்றால் சென்ட்ரல், பெரியமேடு பக்கம் தங்கி, மின்சார இரயிலில் பட்டரவாக்கத்தில் இறங்கிவிடலாம், கார் வேண்டியதில்லை. ஈக்காட்டுத்தாங்கல் என்றால் எழும்பூரிலிருந்து நேரே மெட்ரோ இருக்கிறது. கிண்டிக்கும் சென்ட்ரலிலிருந்தும் விமான நிலையத்திலிருந்தும் வண்டி மாறாமல் வரலாம். இந்த மூன்று இடங்களுக்கும் நகரின் நடுவில் மலிவான அறை எடுப்பது உண்மையாகவே சிக்கனம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சிறுசேரிக்கு அது பொருந்தாது. சிறுசேரிக்குப் போகும் பழைய மகாபலிபுரம் சாலையில் இரண்டாம் கட்ட மெட்ரோ பணி நடப்பதால் மாலையில் எப்போது வந்து சேருவோம் என்று சொல்ல முடியாது. ஒரகடத்துக்குச் சிங்கப்பெருமாள்கோயில் பக்கமோ ஸ்ரீபெரும்புதூரிலோ தங்குவதே சரி. இரண்டையும் இணைக்கும் சாலையில்தான் ஒரகடமே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தாழ்வான பகுதிகளில் அறை எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கிண்டி_நிர்வாகம்

அனைவருக்கும் நன்றி. இந்த வாரம் நிர்வாகத்துக்கு அனுப்பும் திட்டத்தை இங்கே பதிவு செய்கிறேன். அறை வாடகையையும் அறைக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான போக்குவரத்தையும் சேர்த்து ஒரே தலைப்பில் ஒரே வரம்பாக வைக்கக் கேட்கிறேன். அப்போதுதான் எழும்பூர் அறையும் ஒரகடம் அறையும் ஒன்றோடொன்று ஒப்பிடக்கூடியவையாகும். வரம்பு வரி நீங்கலாக இருக்கும். இரயில் வசதியுள்ள வேலையிடம், இல்லாத வேலையிடம் என்று இரண்டு அளவுகள். இரவுப் பணிக்குப் பதவி பார்க்காமல் தனி அறையும் பகல் தூக்கத்துக்கான ஏற்பாடும். பெண் ஊழியர்களுக்குத் தணிக்கையாளர் அம்மா சொன்ன நான்கும் உறுதி செய்யப்பட்ட பட்டியல் மட்டும். சென்ற மாதப் பில்களை இந்த முறையில் மறுபடி கூட்டிப் பார்த்தேன். ஒரகடம், சிறுசேரி வேலைகளில் கார் செலவு குறைவதால் மொத்தத் தொகை குறைகிறது. அம்பத்தூர் வேலைகளில் மாற்றமில்லை. இரவுப் பணிக்குத் தனி அறை கொடுப்பதில் மட்டும் கூடுகிறது. அந்தக் கூடுதலுக்காக நான் வாதாடப் போகிறேன்.

ஓட்டல்_முன்மேசை

ஒன்று விடுபட்டிருக்கிறது. காரில் வருகிறவர்களின் ஓட்டுநர். உள்ளே அறை எடுத்தவர் தூங்கும்போது ஓட்டுநர் எங்கள் வாகன நிறுத்துமிடத்தில் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருப்பார். கொசுவுக்காகக் கண்ணாடியை ஏற்றுவதும் புழுக்கத்துக்காக இறக்குவதுமாக இரவைக் கழிப்பார். மறுநாள் அதே ஆள் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்ட வேண்டும். போக்குவரத்து நிறுவனத் தொழிலாளர் இரவு தங்கும் இடங்களில் ஓய்வறை வேண்டும் என்று 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாடு இது. சில ஓட்டல்களில் ஓட்டுநர்களுக்குக் கட்டிலும் குளியலறையும் கொண்ட பொது அறை இருக்கிறது. ஒப்பந்தம் போடும்போதே அதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இல்லாத இடத்தில் பக்கத்து விடுதியில் அவருக்கு ஒரு படுக்கை எடுத்துக் கொடுங்கள்.

கிண்டி_நிர்வாகம்

சேர்த்துவிட்டேன். ஓட்டுநரின் படுக்கைக் கட்டணமும் அதே வரம்புக்குள் வராமல், வாடகைக் காரின் இரவுப்படியோடும் (ஓட்டுநர் இரவு தங்குவதற்காகக் கார் வாடகையோடு சேர்த்துத் தரும் தொகை) கலக்காமல், தனிப் பதிவாகவே இருக்கும். இரவுப்படியில் கலந்தால் அது கார் உரிமையாளருக்குப் போய்விடுகிறது.